சிறிய நாட்டுத் தூதரகத்துக்குப் பாட்டும் கண்காட்சியும் எதற்கு? வாஷிங்டனில் பால்டிக் நாடுகள்

வாசகர் கேள்வி, ஏப்ரல் 6

வாஷிங்டனில் லித்துவேனியா, லாத்வியா, எஸ்தோனியா ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே தூதரகம் இருக்கிறது. மூன்று நாட்டு மக்களையும் கூட்டினால்கூடச் சென்னைப் பெருநகரின் மக்கள்தொகைக்கு ஈடாகாது. விசா, வணிகம், பாதுகாப்பு உடன்படிக்கை ஆகியவற்றுக்குத் தூதரகம் வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் பாட்டுக் கச்சேரி, ஓவியக் கண்காட்சி, திருவிழா விருந்து என்று செலவழிப்பதால் அந்த நாட்டு வரி செலுத்துபவருக்கு என்ன கிடைக்கிறது? பெரிய நாடுகள் செய்கின்றன என்பதற்காகச் சிறிய நாடுகளும் செய்கின்றன என்றே எனக்குப் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 7

வாஷிங்டனின் 16ஆம் தெருவில், வடமேற்குப் பகுதியில், 2622 என்ற எண்ணுள்ள வீட்டிலிருந்து தொடங்குகிறேன். அந்தத் தெருவைத் தூதரகத் தெருவாக மாற்றியே தீருவது என்று பல ஆண்டுகள் விடாப்பிடியாக நின்ற மேரி ஃபூட் ஹெண்டர்சன் என்ற செல்வந்தப் பெண்மணிக்காக, ஜார்ஜ் ஓக்லி டாட்டன் என்ற கட்டடக் கலைஞர் 1909இல் கட்டிய வீடு அது. லித்துவேனியா அதை 1924இல் விலைக்கு வாங்கியபோது அந்தக் குடியரசு பிறந்து ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1940 ஜூனில் சோவியத் படைகள் உள்ளே நுழைந்தன. ஆகஸ்டில் நாடு சோவியத் ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டது. ஊரில் அரசு போயிற்று, வெளியுறவு அமைச்சகம் போயிற்று, சம்பளம் அனுப்புவோரும் போயினர். வாஷிங்டனில் இருந்த தூதர் மட்டும் வீட்டைக் காலி செய்யவில்லை. அடுத்த ஐம்பத்தோர் ஆண்டுகள் அந்த வீடு லித்துவேனியாவின் தூதரகமாகவே இருந்தது; இன்றும் தூதரகம் அங்கேதான் இயங்குகிறது.

கேள்வியில் தேவையானவை என்று மூன்று வேலைகளைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த அரை நூற்றாண்டில் அந்த வீட்டில் வணிக வேலை இல்லை, பாதுகாப்பு உடன்படிக்கை வேலை அறவே இல்லை, விசா கொடுக்கவோ அவர்கள் கைவசம் நாடே இல்லை. வெளிநாட்டில் சிதறியிருந்த தம் மக்களுக்குக் கடவுச்சீட்டு வழங்கினார்கள், கடிதம் எழுதினார்கள், தேசிய நாளைக் கொண்டாடினார்கள், தங்கள் நாட்டைப் பற்றிப் பேச யார் அழைத்தாலும் போனார்கள். நீங்கள் வீண்செலவு என்று ஒதுக்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தூதரகம் ஐம்பது ஆண்டுகள் உயிரோடு இருந்திருக்கிறது. எனவே இந்தக் கேள்வியை வரவு செலவுக் கணக்கிலிருந்து தொடங்குவது சரியாக வராது என்றே நினைக்கிறேன்.

ஏப்ரல் 9

"நாடுகடந்த அரசை அமெரிக்கா ஏற்றுக்கொண்டதால்தான் இது நடந்தது" என்று ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். அப்படி நடக்கவில்லை. எஸ்தோனியர்கள் 1953இல் ஒஸ்லோவில் ஒரு நாடுகடந்த அரசை அமைத்தார்கள். அதை அமெரிக்கா ஏற்கவில்லை. 1940 ஜூலை 23 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் சம்னர் வெல்ஸ் வெளியிட்ட அறிக்கை, மூன்று நாடுகளும் வலிமையால் விழுங்கப்படுவதை அமெரிக்கா ஏற்காது என்ற நிலைப்பாட்டை வகுத்தது. அதன்படி அமெரிக்கா தொடர்ந்து ஏற்றுக்கொண்டது, 1940க்கு முந்தைய அரசுகள் அனுப்பிவைத்த தூதர்களைத்தான். அனுப்பிய அரசு இல்லை, அனுப்பப்பட்டவர் இருக்கிறார். அமெரிக்க அரசு வெளியிட்ட நிலப்படங்களில்கூட, இந்த இணைப்பை அமெரிக்கா ஏற்கவில்லை என்ற குறிப்பு அச்சிடப்பட்டு வந்தது.

ஏப்ரல் 14

சம்பளம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள், நியாயமான கேள்வி. வெல்ஸ் அறிக்கைக்கு எட்டு நாள் முன்னர், 1940 ஜூலை 15 அன்று, அமெரிக்க அதிபர் ஓர் ஆணையின் மூலம் அமெரிக்காவிலிருந்த பால்டிக் நாடுகளின் சொத்துகளை முடக்கினார். மாஸ்கோ அவற்றை எடுத்துக்கொள்ள முடியாதபடி செய்வதே அதன் நோக்கம். பின்னர் லித்துவேனியத் தூதரகத்தின் செலவுக்கும் லாத்வியத் தூதரகத்தின் செலவுக்கும் அந்தந்த நாட்டின் முடக்கப்பட்ட பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. லித்துவேனியாவிடம் இருந்தது சிறிய தொகை. 1980ஐ ஒட்டி அது தீர்ந்துபோனபோது, லாத்வியாவின் பணத்திலிருந்து கடன் கொடுத்து லித்துவேனியத் தூதரகத்தின் கதவு மூடாமல் பார்த்துக்கொண்டார்கள். நாடில்லாத ஒரு தூதரகம் நாடில்லாத இன்னொரு தூதரகத்துக்குக் கைகொடுத்த இந்தச் செய்தியை முதன்முறை படித்தபோது, நான் நெடுநேரம் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.

எல்லா நாடுகளும் இப்படி நடந்துகொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இங்கிலாந்து வங்கியில் பாதுகாப்பாக இருக்குமென்று பால்டிக் நாடுகள் வைத்திருந்த தங்கத்தை, 1960களின் பிற்பகுதியில் பிரிட்டன் சோவியத் ஒன்றியத்தோடு கணக்குத் தீர்க்கும்போது பயன்படுத்திக்கொண்டது; 1990களில்தான் ஈடு கொடுத்தது.

பணத்தைவிடக் கடினமான சிக்கல் வயது. 1940க்கு முன்பே தூதுப் பணியில் இருந்தவர்களைத்தான் ஏற்போம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை நீண்ட காலம் வரையறை வைத்திருந்தது. புதிதாக ஆளை நியமிக்க அரசு இல்லை. எனவே ஒருவர் இறந்தால் அடுத்த மூத்தவர் அந்த நாற்காலிக்கு வருவார். அவருக்கும் எழுபது வயது நெருங்கியிருக்கும். பிற்காலத்தில் அந்த வரையறையைத் தளர்த்தினார்கள். அதனால்தான் 1924இல் பிறந்த லித்துவேனியர் ஸ்டாசிஸ் லொசொராய்டிஸ் 1980களில் ரோமிலிருந்து வாஷிங்டனுக்கு வந்து பொறுப்பேற்க முடிந்தது.

ஏப்ரல் 15

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. எஸ்தோனியாவுக்கு அந்தக் காலத்தில் வாஷிங்டனில் தூதரகம் இல்லை. நியூயார்க்கில் துணைத்தூதரகம் இருந்தது. எர்ன்ஸ்ட் யாக்சன் 1930களின் தொடக்கத்திலேயே அங்கு வேலைக்கு வந்துவிட்டார். யோஹன்னஸ் கைவ் 1965இல் இறந்த பிறகு அதன் தலைமையை ஏற்றார். நியூயார்க் ராக்கஃபெல்லர் மையத்தில் ஓர் அலுவலகம். அங்கிருந்து எஸ்தோனியக் கடவுச்சீட்டுகளில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். 1991இல் எஸ்தோனியா மீண்டும் விடுதலை பெற்றபோது அவரே அமெரிக்காவுக்கான தூதராகவும் ஐக்கிய நாடுகள் அவையில் தம் நாட்டின் நிரந்தரப் பிரதிநிதியாகவும் ஆனார். அவருக்கு அப்போது வயது எண்பத்தாறு. 1998இல் இறந்தார்.

ஏப்ரல் 21

"இவையெல்லாம் சட்டமும் அரசியலும், பண்பாடு எங்கே?" என்று கேள்வியைத் தொடங்கியவரே திரும்ப வந்து கேட்டிருக்கிறார். சிகாகோவுக்குப் போவோம்.

சிகாகோவில் லித்துவேனியாவின் துணைத்தூதராக 1937 முதல் இருந்தவர் பெட்ராஸ் டௌஷ்வார்டிஸ். 1971இல் அவர் இறந்ததும் அவருடைய மனைவி ஜோசஃபின் மதிப்புறு துணைத்தூதராகப் பொறுப்பேற்று 1980களின் நடுப்பகுதி வரை பணியாற்றினார். அந்தப் பொறுப்புக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே, 1955இல், அவர் லித்துவேனியச் சமையல் குறிப்புகளைத் திரட்டி ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்டிருந்தார். அது பல பதிப்புகள் கண்டது. நாங்கள் முன்பு குடியிருந்த தெருவில், தாத்தா காலத்திலேயே சுரங்க வேலைக்காக அமெரிக்கா வந்த லித்துவேனியக் குடும்பத்து மூதாட்டி ஒருவர் இருந்தார். அவருக்கு லித்துவேனிய மொழியில் பத்துச் சொற்கள் தெரிந்திருந்தால் அதிகம். அவர் வீட்டு அடுப்படி அலமாரியில் அந்த நூல் இருந்தது. உருளைக்கிழங்கைத் துருவி, பன்றிக் கொழுப்பும் முட்டையும் சேர்த்து அடுப்பில் வேகவைக்கும் குகேலிஸ் என்ற பலகாரம் உள்ள பக்கம் எண்ணெய்க் கறை ஏறி ஏறிக் கண்ணாடித்தாள் பதத்துக்கு வந்திருந்தது. எழுத்துகள் மறுபக்கத்திலிருந்து தெரிந்தன. அளவுக்கு நேரே பென்சிலில் யாரோ ஒரு வெங்காயத்தை இரண்டாக்கியிருந்தார்கள். மொழி போன வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் இறைச்சி இல்லாத பன்னிரண்டு உணவுகள் மட்டும் தவறாமல் மேசைக்கு வந்தன என்றால், அதில் ஒரு துணைத்தூதரகத்துப் பெண்மணியின் பங்கும் இருக்கிறது.

பாட்டு இதைவிடப் பெரிய அளவில் நடந்தது. லாத்வியர்கள் 1953இல் சிகாகோவில் தங்கள் பாடல் விழாவை நடத்தினர்; லித்துவேனியர்கள் 1956இல் அதே நகரில் நடத்தினர்; எஸ்தோனியர்கள் 1972இல் டொராண்டோவில் உலக எஸ்தோனியர் விழாவைத் தொடங்கினர். இவற்றைத் தூதரகங்கள் நடத்தவில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். சங்கங்களும் தேவாலயங்களும் சனிக்கிழமைப் பள்ளிகளும்தான் நடத்தின. பால்டிக் மண்ணில் பாடல் விழா 1869இல் எஸ்தோனியாவின் தார்த்து நகரில் தொடங்கிய மரபு. ஆயிரக்கணக்கானோர் ஒரே மேடையில் நின்று சேர்ந்திசை பாடுவார்கள். அகதி முகாமிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவர்கள் அந்த மரபைப் புதிய மண்ணில் நட்டார்கள். தூதரகம் அந்த விழாக்களுக்கு அரசு என்ற முகத்தைக் கொடுத்தது. விழாக்கள் தூதரகத்துக்கு மக்கள் என்ற உடலைக் கொடுத்தன. ஒன்றில்லாமல் மற்றொன்று இருந்திருந்தால் தூதரகம் வெறும் தாள்க்கட்டாகவும் விழா வெறும் ஊர்க்கூடலாகவும் சுருங்கியிருக்கும்.

ஏப்ரல் 28

சென்ற வாரம் எழுதியதை மீண்டும் படித்தபோது ஒன்று உறுத்தியது. அந்தத் தூதர்கள் எல்லோருமே கொடியைக் காத்த நல்லவர்கள் என்ற தோற்றம் இந்த இழையில் உருவாகிவிடக் கூடாது. பெர்லினில் லித்துவேனியத் தூதராக இருந்த காசிஸ் ஷ்கிர்பா 1940இல் அங்கேயே லித்துவேனியச் செயற்பாட்டாளர் முன்னணி என்ற அமைப்பைத் தொடங்கினார். சோவியத் ஆட்சியை எதிர்த்த அந்த அமைப்பின் வெளியீடுகள், யூதர்களை நாட்டைவிட்டுத் துரத்த வேண்டும் என்றும் பேசின. 1941இல் ஜெர்மானியப் படை நுழைந்த பின் லித்துவேனிய யூதர்களில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். லித்துவேனியத் தலைநகர் வில்னியஸில் ஷ்கிர்பாவின் பெயரைத் தாங்கியிருந்த சிறு சாலைக்கு 2019இல் மாநகர அவை மூவண்ணக்கொடிச் சாலை என்று பெயர் மாற்றியபோது கடும் சச்சரவு எழுந்தது. ஒரு நாட்டின் பண்பாட்டை வெளியுலகுக்குக் காட்டுபவர் எதைக் காட்டுகிறார், எதை மறைக்கிறார் என்று கேட்காமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது. இதைப் பற்றிப் பிறகு விரிவாக எழுதுவேன்.

மே 5

1998 கோடையில் வாஷிங்டனின் நடுத்திடலில் ஸ்மித்சோனியன் நாட்டார் கலை விழாவின் ஒரு பகுதி பால்டிக் நாடுகளுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. விடுதலை கிடைத்து ஏழே ஆண்டுகள். நான் அப்போது மேரிலாந்துக்குப் புதியவன். இலவசம் என்பதால் குடும்பத்தோடு போனேன். நல்ல வெயில். கூடாரத்துக்குள் லித்துவேனியப் பெண்கள் மூவர் சுதர்தினெஸ் என்ற பழைய பாடல் வகையைப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஒரு சுரத்தைப் பிடிக்கிறார், அடுத்தவர் அதற்கு ஒட்டிய சுரத்தைப் பிடிக்கிறார், இருவரும் விட்டுக்கொடுப்பதில்லை. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் சுருதி பிசகியதாகவே பட்டது. இரண்டு மூன்று பாடல்கள் கழிந்த பிறகுதான், அந்த உரசலில் எழும் அதிர்வையே அவர்கள் அழகாகக் கொள்கிறார்கள் என்பது காதில் விழுந்தது. பக்கத்தில் ஒருவர் நெய்துகொண்டிருந்தார். தறியின் சத்தம் பாட்டோடு சேர்ந்தே கேட்டது.

லித்துவேனியா என்றால் எங்கே என்று அன்று காலை எனக்குச் சொல்லத் தெரியாது. வீடு திரும்பியதும் நிலப்படத்தை எடுத்து விரித்தேன். நான் இன்று இந்த இழையில் எழுதிக்கொண்டிருப்பதற்கு அந்தக் கூடாரமே காரணம். அதற்கு யாரேனும் செலவழித்திருப்பார்கள். அந்தச் செலவுக்கான பலன் எந்த ஆண்டின் கணக்கேட்டிலும் வந்திருக்காது.

மே 12

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை, வாஷிங்டனிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் தூதரகங்கள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடுகின்றன. நேற்று போய்வந்தேன். பெரிய நாடுகளின் வாசலில் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. லித்துவேனியத் தூதரகத்தில் அரை மணி நேரத்துக்குள் உள்ளே விட்டார்கள்.

கூடத்தில் ஒரு மேசையில் சிறு சிறு கிண்ணங்களில் ரோஜா நிறத்தில் ஒரு சூப். ஷால்டிபார்ஷ்சியாய் என்று பெயர். புளித்த பாலில் பீட்ரூட்டையும் வெள்ளரியையும் துருவிப் போட்டு, சதகுப்பைக் கீரையும் வெங்காயத்தாளும் அரிந்து தூவி, குளிரவைத்துக் கொடுக்கிறார்கள். அருகில் சூடான உருளைக்கிழங்கு. நம் வீட்டு நீர்மோருக்கு யாரோ திருவிழாச் சேலை கட்டிவிட்டது போலிருந்தது. அடுத்த மேசையில் ஷகோடிஸ் என்ற உயரமான கேக். சுழலும் கம்பியின் மேல் முட்டை மாவைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டே நெருப்பில் வாட்டுவார்களாம். சொட்டிய மாவு அப்படியே இறுகி முள் முள்ளாக நிற்கிறது. ஒரு கிளையை முறித்து என் பேத்தியின் கையில் கொடுத்தார் தூதரக ஊழியர் ஒருவர். அவள் அதை வாயில் வைப்பதற்கு முன், இந்த வீடு எத்தனை நாளாக இங்கே இருக்கிறது என்று அவரைக் கேட்டாள். அவர் உட்கார்ந்து, ஒரு குழந்தைக்குப் புரியும்படி, நான் முதல் நாள் இங்கே எழுதிய கதை முழுவதையும் சொன்னார். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது, அவர் அவசரப்படவில்லை.

பிறகு மாசசூசெட்ஸ் நிழற்சாலையில் 2306ஆம் எண்ணிலுள்ள லாத்வியத் தூதரகம். ஓவியர் அலிஸ் பைக் பார்னி 1902இல் தமக்கு ஓவியக்கூடமாகவும் நண்பர்கள் கூடும் இடமாகவும் கட்டிக்கொண்ட வீடு இது. வாடி உட் வடிவமைத்தார். பின்னர் பல ஆண்டுகள் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் இருந்து, அதன் பிறகு லாத்வியாவின் கைக்கு வந்தது. கலைக்கென்றே கட்டிய வீட்டைத் தூதரகத்துக்காகத் தேடி எடுத்த அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது.

மே 13

சூப்புக்குப் புளித்த பாலாக எதை வாங்குவது என்று கேட்டவருக்கு: கெஃபிர் கிடைத்தால் அதுவே சரியானது. இல்லையென்றால் மோர். பீட்ரூட் வேகவைத்து ஆறியிருக்க வேண்டும்.

மே 19

"தின்பண்டம், கைத்தறி, நாட்டுப்புறப் பாட்டு என்று காட்டினால், அந்த நாடு இன்னும் கிராமமாகவே இருக்கிறது என்றுதானே பார்ப்பவர் நினைப்பார்?" என்ற மறுமொழியை நான் ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதில் உண்மை இருக்கிறது. எஸ்தோனியா இன்று மின்னணு ஆளுகையால் பேசப்படும் நாடு. அதன் தூதரகம் மர ஸ்பூனையும் பின்னல் தொப்பியையும் மட்டும் மேசையில் பரப்பினால் அது அரைகுறைப் படம்தான்.

ஆனால் கைவேலையையும் சரியான இடத்தில் வைத்தால் அது வேறு பேச்சுப் பேசும். 2006 நவம்பரில் லாத்வியத் தலைநகர் ரிகாவில் நேட்டோ உச்சி மாநாடு நடந்தது. சோவியத் ஒன்றியத்தின் பகுதியாக முன்பு இருந்த நாடொன்றில் அந்த மாநாடு கூடியது அதுவே முதல் முறை. வந்தவர்களுக்காக லாத்வியப் பெண்கள் கையால் பின்னிய 4,500 ஜோடிக் கையுறைகள் அளிக்கப்பட்டன. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உரிய வடிவங்கள், உரிய நிறங்கள். இராணுவக் கூட்டணியின் கூட்டத்துக்கு வந்த ஒரு தளபதி, லாத்வியக் கிராமத்துப் பெண் பின்னிய கையுறையைப் போட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறார். இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள், எதைக் காக்க வேண்டியிருக்கிறது என்பதை அவருக்கு விளக்க ஒரு துண்டறிக்கையால் முடியாது.

இன்னொரு முனையில் எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் இசை. 1980இல் சோவியத் எஸ்தோனியாவை விட்டு வெளியேறிப் பின்னர் பெர்லினில் குடியேறியவர். 2014 மே மாத இறுதியில் அவருடைய படைப்புகளை எஸ்தோனியக் கலைஞர்கள் தோனு கல்யுஸ்தேயின் தலைமையில் வாஷிங்டனின் கென்னடி மையத்திலும் நியூயார்க்கின் கார்னகி மன்றத்திலும் நிகழ்த்தினர். இதைத் திட்டமிட்டுத் தொடங்கியது நியூயார்க் அருகிலுள்ள ஓர் ஆர்த்தடாக்ஸ் இறையியல் கல்லூரி. தூதரகம் எல்லாவற்றையும் தானே நடத்த வேண்டிய தேவையில்லை என்பதற்கு இது நல்ல சான்று. வெளியே ஒருவர் உண்மையான ஈடுபாட்டோடு தொடங்கும் காரியத்தைக் கண்டுகொண்டு, அதற்குக் கதவைத் திறந்துவிடத் தெரிந்திருந்தால் போதும். சிறிய நாட்டின் தூதரகத்தில் பண்பாட்டுக்கென்று இருப்பவர் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். அவர் அந்த ஊரில் யாரையெல்லாம் அறிந்திருக்கிறார் என்பதே அந்தத் தூதரகத்தின் பண்பாட்டு நிதி. அப்படிப்பட்டவரை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருக்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. செலவைக் குறைக்க விரும்பும் நாடு விருந்தைக் குறைக்கலாம், அந்த ஆளை மாற்றக் கூடாது.

மே 26

சிறிய நாடு இன்னொரு சிறிய நாட்டுக்குச் செய்தது எப்படி நினைவில் நிற்கிறது என்பதற்கு ஐஸ்லாந்து. 1991 ஜனவரியில் வில்னியஸில் சோவியத் படைகள் தொலைக்காட்சிக் கோபுரத்தைத் தாக்கியபோது, ஐஸ்லாந்தின் வெளியுறவு அமைச்சர் யோன் பால்ட்வின் ஹன்னிபல்சன் நேரே பால்டிக் நாடுகளுக்கு வந்து நின்றார். பிப்ரவரி 11 அன்று லித்துவேனியாவின் விடுதலையை ஏற்பதாக ஐஸ்லாந்து நாடாளுமன்றம் உறுதிசெய்தது. மாஸ்கோ ரெய்க்யவிக்கிலிருந்து தன் தூதரைத் திரும்ப அழைத்தது. ஆகஸ்ட் 26 அன்று மூன்று பால்டிக் வெளியுறவு அமைச்சர்களும் ரெய்க்யவிக்கின் ஹோஃப்தி மாளிகையில் தூதரக உறவை ஏற்படுத்திக் கையெழுத்திட்டனர். ரீகனும் கோர்பச்சேவும் 1986இல் சந்தித்த அதே மாளிகை.

இன்று வில்னியஸின் பழைய நகரில் ஐஸ்லாந்துத் தெரு இருக்கிறது. தல்லினில் எஸ்தோனிய வெளியுறவு அமைச்சகத்தின் முகவரியே ஐஸ்லாந்துச் சதுக்கம், எண் 1. அமைச்சகத்துக்கு வரும் ஒவ்வோர் உறையின் மேலும் அந்த நன்றி எழுதப்பட்டிருக்கிறது. இதற்கு ஐஸ்லாந்து ஒரு கச்சேரிகூட நடத்தவில்லையே என்று நீங்கள் வாதிடலாம். ஆம். அதனால்தான் இதை எழுதுகிறேன்: துணிந்து செய்த ஒரு செயல், நூறு கண்காட்சிகளைவிட நீடித்த பண்பாட்டு உறவை உண்டாக்கியிருக்கிறது.

ஜூன் 2

"நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நாடுகளை மீட்டது வில்னியஸில் கோபுரத்தைச் சுற்றி நின்றவர்கள், வாஷிங்டனில் விருந்து வைத்த முதியவர்கள் மீட்கவில்லை" என்கிறார் கேள்வியைத் தொடங்கியவர். முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். 1991 ஜனவரி 13 அன்று பதினான்கு பேர் உயிர் கொடுத்தார்கள். 1989 ஆகஸ்ட் 23 அன்று தல்லின் முதல் வில்னியஸ் வரை ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டருக்குக் கைகோத்து நின்றவர்கள் எந்தத் தூதரகமும் அழைத்து வந்தவர்கள் இல்லை. ஐம்பது ஆண்டுகள் கொள்கையைக் கைவிடாத அமெரிக்காகூட, ஐஸ்லாந்தும் வேறு பல நாடுகளும் முந்திக்கொண்ட பிறகு, 1991 செப்டம்பர் 2 அன்றுதான் உறவை மீண்டும் தொடங்கியது.

இரண்டாம் பாதியை ஏற்கவில்லை. 1991இல் மூன்று நாடுகளும் புதிய நாடுகளாக விண்ணப்பிக்கவில்லை. நாங்கள் 1918 முதல் இருக்கும் அதே நாடுகள் என்றார்கள். அப்படிச் சொல்வதற்கு, இடைப்பட்ட ஆண்டுகளில் அறுபடாமல் இருந்த ஏதோ ஒன்றைக் கைநீட்டிக் காட்ட வேண்டியிருந்தது. வாஷிங்டனின் இரண்டு வீடுகளும் நியூயார்க்கின் ஓர் அலுவலகமும் காட்டுவதற்கு இருந்தன. பழைய கடவுச்சீட்டில் கையெழுத்திட்டவரும் தூதர் என்று சான்றளிக்கும் புதிய நம்பிக்கைக் கடிதத்தைக் கொடுத்தவரும் ஒரே ஆள். லாத்வியாவில் அனடோல்ஸ் டின்பெர்க்ஸ் அப்படித்தான். எஸ்தோனியாவில் யாக்சன் அப்படித்தான். லொசொராய்டிஸை லித்துவேனியர்கள் நம்பிக்கையின் அதிபர் என்றே அழைத்தார்கள். 1993 அதிபர் தேர்தலில் அவர் தோற்றார், மறு ஆண்டு வாஷிங்டனில் இறந்தார்.

ஜூன் 9

ஏப்ரல் 28 குறிப்பில் விட்ட இடத்துக்கு வருகிறேன். வில்னியஸ் போருக்கு முன், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திய மொழி (யிட்டிஷ்) அறிவின் பெரும் மையம். இவோ என்ற யூதப் பண்பாட்டு ஆய்வு நிறுவனம் 1925இல் அங்கே தொடங்கப்பட்டு, 1940இல் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்தது. நாஜிகளிடமிருந்து தப்பிய நூல்களையும் கையெழுத்துகளையும் போருக்குப் பின் சோவியத் ஆட்சி அழிக்கத் துணிந்தபோது, அன்டனாஸ் உல்பிஸ் என்ற லித்துவேனிய நூலகர் ஒரு தேவாலயக் கட்டடத்துக்குள் அவற்றை மறைத்து வைத்தார். 2017இல் மேலும் 170,000 பக்கங்கள் கண்டெடுக்கப்பட்டதாக அறிவித்தார்கள். நியூயார்க்கிலுள்ள இவோவும் லித்துவேனிய ஆவணக் காப்பகமும் தேசிய நூலகமும் சேர்ந்து அவற்றை மின்வடிவாக்கின.

லித்துவேனியாவின் பண்பாட்டுத் தூதில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். தன் மண்ணில் கொல்லப்பட்டவர்களின் மொழியை, அவர்களுடைய பள்ளிச் சிறுவர் எழுதிய நோட்டை, அவர்களுடைய வாரிசுகளோடு சேர்ந்து மேசையில் வைத்துப் பிரித்துப் பார்ப்பது எளிய வேலை இல்லை. கேக்கும் சூப்பும் வந்தவரை மகிழ்விக்கும்; இது வந்தவரிடம் பதில் சொல்லும். இரண்டும் அதே வீட்டில் நடக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஜூன் 16

ஒருவர் ரோமுக்குப் போகிறாராம். அங்கேயும் இப்படிப் பழைய தூதரக வீடு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது, ஆனால் உள்ளே போக முடியாது. வில்லா லித்துவானியா என்று பெயர். லித்துவேனியா 1930களில் வாங்கிய அந்த மாளிகையை 1940இல் முசோலினியின் இத்தாலி சோவியத் ஒன்றியத்திடம் ஒப்படைத்தது. விடுதலைக்குப் பிறகும் அது லித்துவேனியாவுக்குத் திரும்பவில்லை, ரஷ்யாவிடமே இருக்கிறது. ரோமில் வாடிகன் மட்டும் லித்துவேனியத் தூதரைத் தொடர்ந்து ஏற்றுவந்ததால், லொசொராய்டிஸ் குடும்பம் ரோமிலேயே இருந்து வேலையைத் தொடர முடிந்தது.

2007 வெனிஸ் கலைக் கண்காட்சியில் லித்துவேனிய அரங்கை அமைத்த நொமெடா உர்போனஸ், கெடிமினாஸ் உர்போனஸ் இருவரும் அந்த வீட்டையே பொருளாக எடுத்துக்கொண்டார்கள். பந்தயப் புறா வளர்ப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு, வீடு திரும்பும் பறவையை வைத்து, திரும்பாத வீட்டைப் பற்றிப் பேசினார்கள். நடுவர் குழு அந்த அரங்குக்குச் சிறப்புக் குறிப்பு அளித்தது. வழக்கறிஞர் கடிதங்கள் எட்டாத இடத்துக்கு அந்த வீட்டின் பெயர் எட்டியது.

ரோம் செல்பவருக்கு: வீடு நொமென்டானா சாலை அருகே இருக்கிறது. மதிலுக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். வாயிலில் காவலர் இருந்தால் படம் எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.